மிஷின் மேல கை வெச்சதில்லீங்க

பயந்துக்காதீங்ணா, அவன் வெரலு ஒண்ணும் ஒடையலீங்க. சித்தெ மடக்குனேன், அவ்வளவுதான். ஒடைஞ்சிருந்தா சத்தம் வேற மாதிரி கேக்கும், அது எனக்குத் தெரியும். ஏறுன ஒடனே மூட்டையைக் கொண்டாந்து என்ற பை மேல வெக்கறான். 'அண்ணா, உள்ள மிஷின் இருக்குதுங்க, அக்கட்டால வைங்க'ன்னு மரியாதையாத்தானே சொன்னேன்? நீங்களே கேட்டுட்டு இருந்தீங்க. 'பஸ்ஸு என்ன உங்கொப்பன் ஊட்டுதா'ங்கறான். அதுக்கப்பறம் கை போகாம என்னங்க பண்ணும்? இப்பப் பாருங்க, முன்னாடி சீட்டுல போயிக் கம்முனு உக்காந்துட்டான். இதை மொதல்லயே பண்ணியிருந்தா எனக்கும் சோலி இல்லை, அவனுக்கும் வலி இல்லை.

நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்க. எங்க போறீங்க, சத்தியமங்கலத்துக்கா? நான் கோபிக்கு முன்னாடியே கல்லாங்காட்டுப் பிரிவுல எறங்கிக்குவேன். மாமனார் ஊரு. சம்சாரம் அங்கதான் இருக்குது, கூட்டிட்டு வரப் போறேன். போன மாசம் போனப்ப வரமாட்டேன்னுட்டா. இன்னைக்கு வந்துருவா. அவ கேட்டதை மடியில வெச்சுக் கொண்டு போறேன் பாருங்க.

இதுவா? கம்ப்யூட்டருங்க. டிவி மாதிரி இருக்குமே அது இல்லை, கீழ வெக்கற பொட்டி. என்ற பேரு தெய்வசிகாமணிங்க. திருப்பூர்ல ஸ்டுடியோ. கண்ணாலத்துக்கு வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் குடுக்கறது. பாத்தா சாதா தகரப் பொட்டி மாதிரித்தான் தெரியும். கோயமுத்தூர்ல ஒவ்வொரு சாமானா வாங்கி நானே பூட்டுனது. ஆனா ஸ்விச்சைப் போட்டீங்கன்னா திரையில ஆப்பிள் வரும். கடிச்ச ஆப்பிள். ஆமாங்க, அந்த ஆப்பிளேதான். அந்தக் கம்பெனிக்காரன் அவன் செஞ்ச மிஷின்ல மட்டுந்தான் அவன் சிஸ்டம் ஓடோணும்னு வெச்சிருக்கறான். நாம அதைக் கொண்டாந்து நம்ம பொட்டியில குடி வெக்கறது. திருட்டுத்தனம்னு சொல்றவன் சொல்லிக்கட்டும். நல்ல எடிட்டிங் சாப்ட்வேர் ஒண்ணு அதுல மட்டுந்தான் ஓடுது. கண்ணாலப் பார்ட்டியும் வந்ததும் வராததுமா 'ஆப்பிள்ல பண்றீங்களா'ன்னுதான் கேக்குது. அசல் மிஷின் வாங்கோணும்னா வெவசாயக் காட்டை விக்கோணும். காட்டை எங்கொப்பனே வித்துப்போட்டாரு.

அதைக் கொண்டாந்து நிறுத்தறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்குதே! பென்டிரைவுல ஏத்திப் போட்டா கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா ஓடும். ஓடி ஓடி ஒரு வரியில போயி நின்னுக்கும். அணைக்கோணும். ஒரு சின்ன பைலுல 'ஆமா'ன்னு இருக்கறதை 'இல்லை'ன்னு மாத்தோணும். மறுக்கா போடோணும். மறுக்கா அதே வரியில நிக்கும். மறுக்கா அணைக்கோணும், மறுக்கா மாத்தோணும். சோறு தண்ணி மறந்து போகும். எத்தனை தடவைன்னு கணக்கே இல்லீங்க. வேற எவனா இருந்தாலும் தூக்கிப் போட்டு மிதிச்சிருப்பான். நான் ஒரு நாளும் மிஷின் மேல கை வெச்சதில்லீங்க. சத்தம் போட்டுக்கூடப் பேசுனதில்லை. 'செரி சாமி, வேற மாதிரி பாக்கலாம்'னு சொல்லிப்போட்டு மொதல்ல இருந்து ஆரம்பிப்பேன்.

அது மேல என்னங்க தப்பு? அது பொறந்த ஊடு வேற. இங்க இருக்கற போர்டு, சிப்பு எதுவும் அதுக்குப் பழக்கமில்லை. தெரியாத ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தது எடுத்த எடுப்புல எல்லாத்தையும் சரியாப் பண்ணுமா? தடுமாறும். மொரண்டு புடிக்கும். வந்த எடத்துல அதுக்கு என்ன பயமோ என்னமோ, வாயில்லாதது. நாமதான் அனுசரிச்சு, தட்டிக் குடுத்துக் கொண்டு போகோணும். இதைக் கோகிலாகிட்டயே சொல்லியிருக்கறேன். கோகிலவாணி, என்ற சம்சாரம். அவ அப்ப காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, கொஞ்ச நேரம் என்ற மூஞ்சியையே பாத்துட்டு நின்னா. அவளுக்கு இதெல்லாம் எங்கீங்க வெளங்கப் போகுது.

ஒதவிக்கு நம்மூர்ல ஆளே இல்லீங்க. கேட்டா சிரிப்பானுங்க. நெட்டுல இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்குது, அதுல பிரேசில்காரன் ஒருத்தன் மாட்டுனான். மொகம் தெரியாது, பாசை தெரியாது, நெட்டே மொழி மாத்திக் குடுக்கும். நான் கேக்கக் கேக்க ஒரு வார்த்தை கோவிச்சுக்கலீங்க. 'இதை மாத்திப் பாரு தம்பி, அதை மாத்திப் பாரு தம்பி'ன்னு எழுதுவான். நானும் அய்யா சாமின்னுதான் எழுதுவேன். மனுசன்னா அப்பிடி இருக்கோணும். எதுத்துப் பேசாத ஆளுககிட்ட எனக்குக் கோவமே வராதுங்க. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க.

மொதல் தடவை அந்த ஆப்பிள் வந்து, அடியில கோடு ஒண்ணு மெதுவா நகந்து, திரை முச்சூடும் மலையும் வானமுமா தெறந்துச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோகிலாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவளும் சிரிச்சா. 'நல்லா இருக்குதுங் மாமா'ன்னா. அன்னைக்கு ரெண்டு பேரும் ஓட்டல்ல போயிச் சாப்பிட்டுட்டு வந்தோம். அப்பிடி ஒரு சந்தோசம் எங்களுக்குக் கண்ணாலத்தன்னைக்குக் கூட இல்லீங்க.

வந்துருச்சே ஒழிய முழுசா வரலை. ரெண்டு கொறை. ஒண்ணு, சத்தம் வராது. சவுண்டு கார்டு ஒத்துக்கலை. இன்னொண்ணு, அது தூங்குச்சுன்னா எந்திரிக்காது. நாம கொஞ்ச நேரம் தொடாம விட்டா அசலு மிஷின் தூங்கிட்டு, தொட்டா முழிச்சுக்கும். இது தூங்குச்சுன்னா போச்சு. தூங்காம இருக்கறதுக்கு என்னமோ போட்டுப் பாத்தேன், கேக்கலை. அதனால நான் மண்டபத்துக்குப் போறன்னைக்கு, வேலை ஓடிட்டு இருந்தா, கோகிலா பக்கத்துல உக்காந்து மவுசை ஆட்டிட்டே இருக்கோணும். பெரிய வேலையா அது? உக்காந்த எடத்துல கையை ஆட்டறது. அதுக்கும் ஒரு நாளு பகல்ல தூங்கிப்போட்டா. நான் வந்து பாக்கறேன், அவளும் தூங்கறா, மிஷினும் தூங்குது. தலைமசுரைப் புடிச்சு எழுப்புனேன். வேற ஒண்ணும் பண்ணலை. அதுக்கப்பறம் அவ தூங்குனதே இல்லீங்க. சொன்னாக் கேட்டுக்கற பொம்பளைதான்.

ஏனுங்ணா, வேர்க்குதுங்களா? கண்ணாடியைத் தள்ளி விடறேன் இருங்க. ம்... காத்து வருதுங்களா? பெருமாநல்லூர் தாண்டிட்டா நல்லா வரும்.

தை மாச முகூர்த்தம் பூராத்தையும் இதுலதான் ஓட்டுனேன். அப்ப ஒரு மாப்பிள்ளையோட மாமன்காரன் வீடியோ கேட்டு வந்தான். சத்தம் வராததால, வேற பழைய கம்ப்யூட்டர்ல சத்தத்தைச் சேத்துக் குடுக்கறது என்ற வழக்கம். அது ரெண்டு நாளு எச்சா ஆகும். அவனுக்குப் பொறுக்கலை. படத்தைப் போடச் சொல்லிப் பாத்துட்டு, 'நாதசொரத்துக்காரன் கன்னத்தை மட்டும் ஊதறான், ஒண்ணும் கேக்கலையே'ன்னு எகத்தாளம் பண்ணுனான். பொறுத்துக்கிட்டேன். 'இந்த ஓட்டைப் பொட்டியை வெச்சுட்டு'ன்னு சொல்லி, கையை ஓங்கி மிஷின் மண்டையில ஒரு தட்டுத் தட்டுனான் பாருங்க!

கேமரா ஸ்டாண்டு பக்கத்துல இருந்துச்சு. எடுத்து முதுகுல ஒண்ணு போட்டேன், அப்பறம் தோள்பட்டையில. கீழ விழுந்தான். விழுந்ததுக்கப்பறம் ரெண்டு. ஸ்டாண்டு நடுவுல மடங்கிப் போச்சுங்க. நல்ல ஸ்டாண்டு, இப்ப அந்த மாதிரி வர்றதில்லை. ஸ்டேசன்ல எஸ்.ஐ. கேக்கறாரு, 'ஏய்யா, ஒரு டப்பாவைத் தட்டுனதுக்கா இந்த ஆளு தோளை எறக்கி உட்டே?'ன்னு. டப்பாங்கறாரு! அப்பவும் நான் பொறுமையாத்தான் நின்னேன். பெரியவங்க ரெண்டு பேரு வந்து சமாதானம் பேசி முடிச்சாங்க. ஊட்டுக்கு வந்து மொதக் காரியமா மிஷினைப் போட்டுப் பாத்தேன். வந்துச்சு. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு.

இப்பச் சொல்றனே, இதுதானுங்க அத்தனைக்கும் காரணம். அப்டேட்டுன்னு ஒண்ணு இருக்குது. உங்க போன்லகூட வருமே, புதுசா வந்திருக்குது, போட்டுக்கலாமான்னு கேக்கும். அசல் மிஷினுக்கு அது மருந்து, நம்ம மிஷினுக்கு வெசம். கம்பெனிக்காரன் அனுப்பறது உள்ள வந்துச்சுன்னா, நாம பாத்துப் பாத்துப் பூட்டி வெச்சது அத்தனையும் கழண்டுரும். இந்தத் தொழில்ல இருக்கற பச்சைப் புள்ளைக்கும் தெரியும், அந்தப் பட்டனைத் தொடக்கூடாதுன்னு. நான் கோகிலாகிட்ட என்ன சொல்லியிருந்தேன்? மவுசை ஆட்டு, எதையும் அமுக்காதேன்னேன்.

அன்னைக்கு நான் மண்டபத்துல இருக்கறேன். தாலி கட்டற நேரம். இங்க திரையில அந்தக் கேள்வி வந்திருக்குது. இவ எனக்குப் போன் பண்ணியிருக்கறா. தாலி கட்டறப்ப நான் கேமராவைப் புடிப்பனா, போனைப் புடிப்பனா? எடுக்கலை. அவ பயந்துட்டு, 'இப்ப'ங்கறதை அமுக்கக் கூடாதுன்னுட்டு, அதுக்குப் பக்கத்துல 'இன்னைக்கு ராத்திரி'ன்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அதை அமுக்கிப்போட்டா. அப்போதைக்குத் தள்ளிப் போடலாம், ராத்திரி மாமா வந்து பாத்துக்குவாருன்னு நெனைச்சாளாமா. வந்ததும் என்கிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தாளாமா. நான் வர்றப்பவே கடுப்பா இருந்தேன்னு சொல்லாம உட்டுட்டாளாமா. அது சொன்ன சொல்லு தவறாம, நாங்க தூங்குனப்பறம் அதும்பாட்டுக்கு அப்டேட்டைப் போட்டுக்கிச்சு.

வெடியால எந்திரிச்சுப் பாத்தா கறுப்புத் திரை. எழுத்தே ஓடலை. ரெண்டு கண்ணாலத்து வீடியோ உள்ள இருக்குது.

ஒரே அடிதானுங்க. அடின்னுகூடச் சொல்ல முடியாது. கையில கீபோர்டு இருந்துச்சு, பழைய காலத்து ரகம், கனமா இருக்கும். எழுத்துக் கட்டையெல்லாம் தெறிச்சு ரூமு முச்சூடும் செதறிப் போச்சு. இன்னைக்கும் கூட்டறப்ப ஒண்ணு ரெண்டு வருது. அப்பறம் செவுரு. செவுத்துல அவளை நான் மோதலீங்க, அவளாத்தான் பின்னாடி போயி மோதிக்கிட்டா. கை எப்பிடி ஒடைஞ்சுதுன்னா, தடுக்கறேன்னு நீட்டுனா. நீட்டாம இருந்திருந்தா கைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. சொன்னேனே, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்னு. கேட்ட ஒடனே நிறுத்திட்டேன். நிறுத்திப்போட்டு ஆட்டோ புடிச்சு ஆசுபத்திரிக்கு நாந்தான் கொண்டு போனேன். டாக்டரம்மா, 'எப்பிடி ஆச்சு?'ன்னு என்னையப் பாத்துக் கேக்குது. கோகிலா முந்திக்கிட்டு, 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேனுங்க'ன்னா. நான் சொல்லிக் குடுக்கலீங்க, அவளாச் சொன்னா. அவ்வளவு நல்ல பொம்பளைங்க.

கட்டுப் போட்டு ஊட்டுக்குக் கூட்டியாந்து படுக்க வெச்சுட்டு மிஷின் முன்னால உக்காந்தேன். கோவமெல்லாம் போயிருச்சு. பாத்தாப் பாவமா இருந்துச்சு. 'ஆரு என்ன பண்ணிப்போட்டாங்க உன்னைய'ன்னு கேட்டு, தொடைச்சு, மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

மறுநாளு பூபதி வந்துட்டான். கோகிலாவுக்குத் தம்பி, எனக்கு மாப்பிள்ளை மொறை. கட்டோட அக்காளைப் பாத்துட்டு வாய்க்கு வந்ததைப் பேசுனான். பேசட்டும்னு உட்டேன். கன்னத்துல அறைஞ்சான். அதையும் வாங்கிட்டுத்தான் நின்னேன், கோகிலாவையே கேட்டுப் பாருங்க. அப்பறம் நாற்காலியைத் தூக்கிட்டு மிஷின் பக்கம் போனானுங்க. அதைத் தெறந்து வெச்சிருக்கறேன், கொடலெல்லாம் வெளிய கெடக்குது, அப்பப் போயி! கழுத்தைப் புடிச்சு இழுத்து மூஞ்சியை மேசை விளிம்புல வெச்சு மோதுனேன். முன்பல்லு மேசையில நிக்குது. கோகிலா ஒத்தைக் கையில என்ற சட்டையைப் புடிச்சு இழுக்கறா. 'உடுங்க மாமா, நான் போயர்றேன், அவனை உடுங்க மாமா'ன்னு கத்தறா. அன்னைக்குப் போனவதான். சேலை துணிமணி கூட எடுத்துக்கலை.

போன மாசம் அவிய ஊருக் கோயில்ல வெச்சுப் பேசுனாங்க. பெரியவங்க நாலு பேரு. நான் வெள்ளை வேட்டி கட்டிக் கையைக் கட்டி நின்னேன். 'இனி இப்பிடி நடக்காதுங்க'ன்னு சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்லோணும்? ஒரு பெரியவரு கோகிலாவைப் பாத்து, 'நீ என்னம்மணி சொல்றே? போறியா?'ன்னாரு.

அவ தலை நிமுந்து சொன்னா. 'எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. அந்த மிஷின் அவருக்குக் குடுக்காத தொந்தரவு நான் ஒண்ணும் குடுத்ததில்லீங்க. அது தப்புப் பண்ணுனப்ப அவரு ஒரு நாளு அதை அடிச்சதில்லை. என்ற முன்னால அதை ஒரே ஒரு அடி அடிக்கச் சொல்லுங்க. அடிச்சாருன்னா நான் அவரு பின்னாலயே வந்தர்றேன்.'

என்ற மாமனாரு துண்டை எடுத்து மூஞ்சியை மூடிக்கிட்டாரு. அவரு எதுக்கு அழுகறாருன்னு எனக்கு வெளங்கலை. கோகிலாவுக்கு அது மேல பொறாமைங்க, வேறென்ன? சக்காளத்தியா நெனைச்சுக்கிட்டா. அதை ஒடைச்சுப் போட்டா நான் அவகிட்டயே இருப்பேன்னு ஆசைப்படறா. பொம்பளை மனசு அப்பிடித்தானே? எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமாக்கூட இருந்துச்சு.

செரி, ஒரு அடி தானேன்னு இன்னைக்குக் கெளம்பிட்டேன். ஆனா கெரகத்தைப் பாருங்க, இந்த வாரம் பாத்து அதுக்குச் சத்தம் வந்துருச்சு! பிரேசில்காரன் கடைசியா ஒரு பைல் அனுப்புனான். போட்டேன். நாதசொரம் ஊதுது! அந்த ரெண்டு கண்ணாலமும் உள்ள அப்பிடியே பத்திரமா இருந்துச்சு. இப்பத் தூங்குனாலும் எந்திரிக்குது. ஒரு கொறை இல்லை. அசல் மிஷின் தோத்துரும். இத்தனை வருசத்துல இப்பத்தான் அது இந்த ஊட்டுக்குன்னே ஆகியிருக்குது.

சுத்தியலு எடுத்துட்டு வந்திருக்கறேன். இந்தா, பையிலயே இருக்குது. நல்ல கனம். ஏனுங்ணா, அவ முன்னால போயிக் கை தடுமாறக் கூடாதுன்னு நெனைக்கறேன். இங்கயே ஒருக்கா ஓங்கிப் பாக்கட்டுங்களா? சும்மா, பழக்கத்துக்கு. பின்னாடி சீட்டு அம்மணி, நீங்க சத்தம் போடாதீங்க, உங்களை ஒண்ணும் பண்ணமாட்டேன். கண்டக்டரே, நீங்க அங்கயே நில்லுங்க. கிட்ட வராதீங்க.

பாத்தீங்களாண்ணா? மேல போகுது, கீழ வரமாட்டேங்குது. மறுக்கா பாக்கறேன். இல்லீங்க. முடியலை. மூஞ்சி தெரியாதவன் மேல எறங்குது, சொந்தக்காரன் மேல எறங்குது, இதும் மேல எறங்கமாட்டேங்குது. இது என்னங்க பாவம் பண்ணுச்சு?

பிரிவு வந்துருச்சு. விசில் அடிக்காதீங்க கண்டக்டரே, எறங்கறேன்.

அண்ணா, ஒரு ஒதவி பண்ணுங்க. எந்திரிக்காம மடியை மட்டும் காட்டுங்க. ஆங், அப்பிடித்தான். இது உங்ககிட்ட இருக்கட்டும். குலுங்காமப் புடிச்சுக்கங்க, சத்தி ரோடு மோசமா இருக்கும். என்ற கார்டு உங்க சட்டைப் பையில வெச்சுட்டேன், போன் பண்ணுங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கறேன். கோகிலாகிட்ட, வழியிலயே ஒடைச்சுப்போட்டேன்னு சொல்லிக்கறேன். மாமனாரும் பூபதியும் காட்டுக்குப் போயிருப்பாங்க, அவ மட்டுந்தான் ஊட்டுல இருப்பா. அதுவும் நல்லதுக்குத்தான்.

சுத்தியலுங்களா? இல்லீங்ணா, கையை எடுங்க. அது எனக்கு வேணும். வெறும் வாயில சொன்னா அவ நம்போணுமில்லீங்க?